பட்டுப் பிரிவில் ஒரு ஸ்டூல்

காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடி, பட்டுப் பிரிவு. அங்கே பதினாறு வருடமாகச் சேலை விரித்துக் காட்டுபவர் விமலாராணி. வயது நாற்பத்தேழு. ஐந்து வருடமாக முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்காது. முழங்கால் கல்லாகக் கிடக்கும்.

போன தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, வலி அதிசயமாகக் குறைந்திருந்தது. அந்த உற்சாகத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே விற்றார். மறுநாள் எழ முடியவில்லை. பதினொரு நாள் படுக்கை. திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் சீனிவாசலு சொன்னார்: "அடுத்த தீபாவளிக்கும் இப்படி ஆச்சுன்னா உங்களைக் குடோனுக்குத்தான் மாத்தோணும் விமலா. எனக்கு வேற வழியில்லீங்க."

குடோனில் துணி மடிக்கலாம். கல்யாணப் பெண்ணின் தோளில் சேலையைப் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்த முடியாது. அதை விட்டுக்கொடுக்க விமலாராணி தயாராக இல்லை.

பிசியோதெரபிஸ்ட் ஃபெமினா கணக்காகச் சொல்லியிருந்தார்: "தினம் இருபது நிமிசம் நடங்கக்கா. துண்டைச் சுருட்டிக் கையில பிசைங்க. நாப்பது நிமிசம் நின்னா பத்து நிமிசம் உக்காருங்க. வலி வந்தப்புறம் இல்லீங்க, வர்றதுக்கு முன்னாடி."

விமலாராணி முதலில் ஒரு தப்புச் செய்தார். ஓய்வை வார லீவுக்குச் சேர்த்து வைத்தார். ஆறு நாள் நின்றுவிட்டு, செவ்வாய் முழுக்கப் படுத்தார். புதன் காலை மூட்டுகள் இன்னும் இறுகியிருந்தன.

"ஆறு நாள் பட்டினி கெடந்து, செவ்வாக்கெழமை சேத்துத் திம்பீங்களாக்கா?" என்று கேட்டார் ஃபெமினா.

கடையில் உட்கார ஸ்டூல்கள் இல்லாமல் இல்லை. ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கிப் போட்டார்கள். ஒரே வாரத்தில் அவற்றின் மேல் சேலைக் கட்டுகள் ஏறின. உட்கார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் முன் உட்கார, விற்கும் பெண்களுக்கே கூச்சம்.

விமலாராணி ஒரு ஸ்டூலைக் காலி செய்தார். போனில் அலாரம் வைத்தார்.

"மகாராணி தர்பாருக்கு வந்தாச்சுங்கோ!" என்றாள் பக்கத்துக் கவுண்டர் யுவஸ்ரீ.

"உம்பட ஸ்டூலையும் காலி பண்ணிப்போட்டு உக்காரு கண்ணு. தர்பார்ல மந்திரி எடம் காலியாத்தான் இருக்குது."

காலையில் ஒரு நிறுத்தம் முன்பே டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார். வலியில்லாத நாளிலும் இரண்டு நிறுத்தம் நடக்கவில்லை. வலித்த நாளிலும் பாதித் தூரமாவது நடந்தார்.

இந்தத் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. படிக்கட்டு வரை கூட்டம். எதிரே கல்யாணப் பட்டெடுக்க அந்தியூரிலிருந்து வந்த ஒன்பது பேர். அலாரம் அடித்தது. சீனிவாசலு தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விமலாராணி உட்கார்ந்தார், சேலையை மடியில் விரித்தார்.

மணப்பெண்ணின் அம்மா பாவாத்தாள் குனிந்து கேட்டார்: "ஏனுங்க, நிக்க முடியலீங்களா?"

"கடைசி வரைக்கும் நிக்கறதுக்குத்தானுங்க இப்ப உக்காந்திருக்கேன்."

பாவாத்தாள் சிரித்துவிட்டுத் தன் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். இருவருமாகக் கரையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பத்து நிமிடம் கழித்து விமலாராணி எழுந்து, அரக்கு நிறப் பட்டுச் சேலையை மணப்பெண்ணின் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினார். அந்தக் குடும்பம் ஏழு சேலை எடுத்தது.

தீபாவளி வரை ஒருநாள்கூட அவர் விடுப்பு எடுக்கவில்லை.

பண்டிகை முடிந்து கடை திறந்த காலையில் சீனிவாசலு மாடியேறி வந்தார். மற்ற ஐந்து ஸ்டூல்களிலிருந்தும் சேலைக் கட்டுகளைத் தானே இறக்கினார்.

"இதையெல்லாம் எங்க சார் வெக்கிறதுங்க?" என்று கேட்டாள் யுவஸ்ரீ.

அவர் விமலாராணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"குடோனுக்கு அனுப்பிருங்க."