பௌர்ணமி முடிந்தும் இருக்கும் கடை

வாசகரே, நீங்களே சாட்சியாக இருங்கள். நாளை பௌர்ணமி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், கன்னியம்மாளின் இளநீர்க் கடைக்கு ஆங்கிலப் பலகை எழுத, பட்டிமன்றப் பேச்சாளனாகிய நான் தூரிகையோடு நிற்கிறேன். இருபுறமும் ஒருநாள் கடைகளுக்குக் கொம்பு நடுகிறார்கள்.

'வீ ஆர் செல்லிங்' என்று தொடங்குவதா, 'வீ செல்' என்று தொடங்குவதா? முன்னது இந்த நேரத்து விற்பனையைச் சொல்லும். பின்னது அன்றாடத் தொழிலைச் சொல்லும்.

"அக்கா, உங்கள் கடை பௌர்ணமிக்கு மட்டுமா?"

இளநீர் சீவும் அரிவாள் நிற்கிறது. "இன்னா தம்பி இப்டி கேட்டுட்டீங்க? அவங்க நாளான்னிக்குப் போயிடுவாங்க. நான் மழை பேஞ்சாலும் இங்கதான் இருக்கேன். வெள்ளைக்காரங்களுக்கு அது தெரியணும்னுதானே போர்டு."

"அப்படியானால் 'வீ செல்' என்பதே சரி" என்று தீர்ப்பளித்து, இளநீருக்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து எழுதி முடிக்கிறேன்.

"இதுக்கா இவ்ளோ நேரம்? மேடையில மைக்கைப் புடுங்கிடுவாங்க."

கேலி செய்தவரே பலகையை மாட்டுகிறார். எட்ட நின்று நிமிர்ந்து பார்க்கிறார். கொம்பு நடுகிறவர்களையும் கூப்பிட்டுக் காட்டுகிறார். அந்த நிமிர்வு எனக்கும் தொற்றிக்கொள்கிறது. பாதையின் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறேன்:

"பௌர்ணமி இல்லாத ஒரு நாளில் வருவேன் அக்கா. இளநீர் இங்கேதான் குடிப்பேன்."