தங்கம்மையின் உண்ணாவிரதம்

பாம்பு வளர்க்கிறவனுக்குப் பாம்பால் வரும் தொல்லை கொஞ்சம்தான். அதற்கு என்ன தீனி போட வேண்டும் என்று சொல்ல வருகிறவர்களால் வரும் தொல்லைதான் அதிகம். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, ஊர்க்காரர்களின் யோசனையையும் கேட்டவர்களுக்கு என் பாடு புரியும்.

எங்கள் பக்கத்தைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்ட நாட்களில் உதியன்குளங்கரை முக்கில் ஓலைக் கொட்டகை போட்டுப் பாம்புக் காட்சி நடத்திவந்தேன். கையில் இருந்தவை ஒரு நல்ல பாம்பும், தங்கம்மை என்ற மலைப்பாம்பும். கூட்டம் வந்ததெல்லாம் தங்கம்மைக்காகத்தான். அவள் போனால் என் பிழைப்பும் போச்சு.

வாழைப்பழம்

வடக்கு மலையாளத்திலிருந்து பாறசாலைத் தபால் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த குமாஸ்தா ஒருவர் கொட்டகைக்குள் நுழைந்தார். "இது நல்ல பாம்பு" என்று காட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினேன். மலையாளத்தில் இதற்கு மூர்க்கன் என்று பெயர் என்பது எனக்குத் தோன்றவில்லை. மனிதர் பெட்டி மூடியைத் திறந்து, பழத்தை உரித்து உள்ளே நீட்டிவிட்டார். கையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். மூடியை அடித்துச் சாத்தினேன். அவருக்கு என் மேலேயே கோபம்.

"நல்ல பாம்பாணெந்நு தான் தன்னெயல்லே பறஞ்ஞது?"

பால்

வெள்ளிதோறும் ஓர் அம்மாள் செம்பு நிறையப் பால் கொண்டுவருவார். பாம்பு திரும்பிக்கூடப் பார்க்காது. ஒருநாள் பொறுக்காமல், இதற்குத் தீனி எலியும் தவளையும்தான், பால் வேண்டாம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா எலியா? உங்க கூடச் சேந்து அதும் கெட்டுப் போச்சு அண்ணே."

பதினோராம் நாள்

தங்கம்மைக்குக் கண் வெளுத்தது. சட்டை உரிக்கப் போகிறாள் என்று அர்த்தம். உரித்து முடிக்கும்வரை எதையும் தொடமாட்டாள். உள்ளே விட்ட கோழி அவள் முதுகில் ஏறி நின்று தூங்கியது. ஊரெங்கும் கடையடைப்பும் உண்ணாவிரதமுமாக இருந்த நேரம். தமிழகத்தோடு சேர வேண்டும் என்று இவளும் பட்டினி கிடக்கிறாள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மறுநாள் பெட்டிக்கு மாலை விழுந்தது. "பதினோராம் நாள்" என்று அட்டையும் தொங்கியது. பார்த்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாம்புக்கு உள்ள உணர்வு நமக்கு இல்லியே மக்கா."

சட்டை

போலீஸ் ஏட்டு வந்தார். நாளை சாயங்காலத்துக்குள் பாம்பு தின்றாக வேண்டும். இல்லையென்றால் சமரம், அதாவது போராட்டம் என்று சட்ட வகுப்பு போட்டு அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாராம். அவர் தலை மறைந்ததும் போராட்டக்காரர்கள் வந்தார்கள். தின்றால் கொட்டகைக்குத் தீ வைப்பார்களாம். ஏட்டைத் தேடி ஓடிப்போய், "சட்டையைக் கழற்றட்டும் ஐயா, அப்புறம் தானே தின்னும்" என்று கெஞ்சினேன். அவர் முகம் இறுகியது.

"சட்டையக் கழத்திப் போட்டும் சமரமா? அதுக்கு வேற வகுப்பு உண்டுடே."

நாரங்கா வெள்ளம்

மறுநாள் மத்தியானம் தங்கம்மை சட்டை உரித்துப் பளபளவென்று கிடந்தாள். பசியில் நாக்கை நீட்டி நீட்டித் தேடினாள். நான் போராட்டக்காரர்களின் தலைவரான ஜவுளிக்கடைக்காரரிடம் ஓடினேன். தானாகத் தின்றால்தானே துரோகம், தலைவரே உண்ணாவிரதத்தை முறைப்படி முடித்துவைத்தால் மரியாதைதானே என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. நாரங்கா வெள்ளத்தோடு வந்து, இரண்டு வார்த்தை பேசி, எலுமிச்சை மணக்க மணக்கக் கிண்ணத்தில் ஊற்றினார். நான் கோழியை விட்டேன். கால்மணி நேரத்தில் கோழியைக் காணோம். கூட்டம் கைதட்டியது. ஏட்டும் திருப்தியாகப் போய்விட்டார். கூட்டத்தில் ஒருவன் மட்டும், "பட்டினிய முடிச்சாச்சே, கேட்டது கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டான். தலைவர் தங்கம்மையின் வீங்கிய வயிற்றைப் பார்த்தார்.

"அதுக்குக் கிடைச்சுதுல்லா."

பிறகு எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்த வருஷங்களில் பட்டினி கிடந்த எங்கள் ஊர்க்காரர்களில் காரியம் கைகூடியது, எதையுமே கேட்காத தங்கம்மைக்கு மட்டும்தான்.