கிராண்டா, ரிச்சா, கிளாஸா?

கல்யாணப் பத்திரிகை விற்கிறவனுக்கு ஜாதகம் பார்க்கத் தெரிய வேண்டாம். வந்தவர் எந்த ஊர் பஸ்ஸில் வந்திறங்கினார் என்று தெரிந்தால் போதும். கவுண்டரில் நின்று கால் வீங்கும் என் இனத்தாரே, எனக்கு அது தெரியவில்லை. நான் கடலூர்க்காரன். சிதம்பரம் கடைக்கு வந்த முதல் மாதம் நடந்தவை இவை.

காட்டுமன்னார்கோயில் கிராண்டு

ரைஸ் மில்காரர் ஒருவர், "கிராண்டா காட்டு" என்றார். எங்கள் ஊர் வழக்கப்படி, சந்தன நிறக் கெட்டி அட்டை, ஓரத்தில் ஒரே ஒரு தங்கக் கோடு போட்டதை எடுத்து வைத்தேன். அவர் முன்னும் பின்னும் புரட்டினார்.

"தம்பி, புள்ளையாரு எங்க? யானை எங்க? எங்க பெரியப்பா வூட்டு ஆளுங்க பேரெல்லாம் போட எடம் எங்க?"

பரங்கிப்பேட்டை ரிச்

பட்ட பிறகு புத்தி வரும் என்பார்கள். எனக்கு அதிகமாகவே வந்துவிட்டது. துபாயிலிருந்து தங்கை நிக்காஹுக்கு வந்திருந்த ஒருவர் "ரிச்சா வேணும்" என்றதும், கல் பதித்த வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் பொறுமையாக மூடினார்.

"பேப்பரு கனமா இருக்கணும் மச்சான், எழுத்து கம்மியா இருக்கணும். இதுல ஜிகினா ஜாஸ்தி."

இரண்டு பேரும் வேறு கடைக்குப் போனார்கள். இன்னொருவர் இப்படிப் போனால் நீயும் வேலையை விட்டுப் போகலாம் என்றார் முதலாளி.

கடலூர் கிளாஸ்

வடலூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். தனியாளாக நின்று மகளைக் கட்டிக்கொடுக்கிறவர். சம்பந்தி வீடு கடலூர். பத்திரிகை 'கிளாஸா' இருக்க வேண்டுமாம். "எனக்கு என்னா தெரியும்? நீங்க அந்த ஊருதான, பாத்து செய்ங்க" என்று என்னிடம் விட்டுவிட்டார். வெள்ளை அட்டை, சாம்பல் நிற எழுத்து, படமே இல்லை. கடலூரில் இப்போது அதுதான் கிளாஸ்.

முந்நூறும் அச்சாகி வந்த அன்று அதைப் பார்த்த அவருடைய அண்ணன், "இது என்ன, கருமாதிப் பத்திரிகையா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா கட்டோடு கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் போய் வெட்கம் வந்தது. திரும்ப அச்சடிக்க அவரிடம் பணமில்லை. கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தேன். வழக்கமாக நாலு மூலையில் பொட்டாகத் தொட்டு வைப்பதை, நாங்கள் இரண்டு பேரும் ஓரம் முழுக்க விரலால் இழுத்தோம். முந்நூறுக்கும். மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் இல்லை. வெள்ளை அட்டைக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. அவருக்கும் முகம் தெளிந்தது.

நாலாம் நாள் கடலூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவே காரில் வந்திறங்கினார். பத்திரிகையை மேஜைமேல் வைத்தார்.

"பொண்ணு வூட்ல அடிச்ச இந்த மஞ்ச பார்டர் டிசைன் செம கிளாஸா இருக்குங்க, எங்களுக்கும் இதே ஒரு ஐந்நூறு போட்டுக் குடுங்க."

கிராண்டு, ரிச், கிளாஸ் எதற்கும் எனக்கு இன்றுவரை அர்த்தம் பிடிபடவில்லை என்பதால், தினமும் மஞ்சளைக் குழைத்து வைத்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறேன்.