தரையில் உட்கார மறுத்த வயலின்காரர்

வயலின் ரிப்பேர் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. உடைந்தால்தான் வருவார்கள். வந்து, நாமே உடைத்துவிட்டதுபோல் நம்மைப் பார்ப்பார்கள். கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர்களே, தையல்காரர்களே, அடுத்தவர் சாமானைக் கையில் வாங்கிப் பிழைக்கிற என் கூட்டத்தாரே, அந்தப் பார்வையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கடை போட்டிருந்த நான், அப்படிப் பார்க்காத ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

சுருதி

சுதந்திரம் வந்த மறு வருஷம், மழைக்காலம். இத்தாலிக்காரர் ஒருவர் வயலின் பெட்டியோடு வந்தார். பெயர் விட்டோரியோ. தன் நாட்டில் தனியாக மேடையில் நின்று வாசித்தவர். கச்சேரிக்காக இந்தியா வந்த இடத்தில் உலகச் சண்டை மூண்டு, எதிரி நாட்டான் என்று முள்வேலி முகாமில் போட்டுவிட்டார்கள். அங்கே லாரி கவிழ்ந்து இடது தோள் முறிந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்தது. விடுதலையான பிறகு இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியார் வேலை. இருபது வயதில் பெயர் வாங்கித் தந்த உருப்படி ஒன்று அவரிடம் இருந்தது. வாசிக்கக் கால் மணி நேரம் ஆகும். முறிவுக்குப் பிறகு அதை அவர் முடித்ததே இல்லை. ஊரிலிருந்து அவருடைய அம்மா எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்விதான்: கடைசி வரை வாசித்தாயா?

ஈரத்தில் வயலினின் ஓரம் விட்டுப்போயிருந்தது. வச்சிரப் பசை போட்டு ஒட்டி, தந்தி கட்டி, எல்லோருக்கும் செய்வதுபோல் ஒன்றரைக் கட்டை சுருதிக்கு நம் முறைப்படி சேர்த்தும் வைத்தேன். அவர்கள் நாட்டில் சேர்ப்பது வேறு, தந்தியும் அவ்வளவு தளர்வாக இருக்காது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. திரும்ப வாங்க வந்தவர் வில்லைப் போட்டதும் முகம் வெளுத்துவிட்டது. நான் பதறி விஷயத்தைச் சொன்னேன். வில்லைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "கை போனது தெரியும். காதும் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்."

பஞ்சு

அதன்பின் தோளுக்கு மெத்தை செய்யச் சொல்லி வர ஆரம்பித்தார். பஞ்சு வைத்தோம், தக்கை வைத்தோம், வெல்வெட் சுற்றினோம். ஒவ்வொரு தடவையும் கடை நடுவில் நின்று, தாடையில் வயலினை இடுக்கி, அந்த உருப்படியை ஆரம்பிப்பார். நாலு நிமிஷம் தாண்டாது. இடது கை தானாகக் கீழே இறங்கிவிடும். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு நன்றி வேறு சொல்லுவார். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

ஐந்தாவது மெத்தை தயாரானபோது, என்னோடு மரவேலை பார்த்த விளவங்கோட்டுக்காரர் ஞானமுத்து அதை என் கையில் தராமல் மேஜைமேல் வைத்தார். "அண்ணாச்சி, நாம பஞ்சத்தான் மாத்திக்கிட்டே இருக்கோம். நோவு பஞ்சுல இல்லல்லா."

நான் வாய்விட்டது

கோட்டைக்குள்ளிருந்து பிடில் சங்கரய்யர் தன் வயலினை வாங்க வந்த அன்று விட்டோரியோவும் இருந்தார். அய்யர் பாயில் உட்கார்ந்தார். வலது காலை முன்னால் நீட்டி, கணுக்கால்மேல் வயலின் தலையைச் சாய்த்து, மறுமுனையை நெஞ்சோடு அணைத்து வாசித்துப் பார்த்தார். தோளுக்கு வேலையே இல்லை. நான் பெரிய கண்டுபிடிப்புக்காரன்போல், நாலு பேர் முன்னால், "சார், நீங்களும் இப்படி உட்கார்ந்துவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

விட்டோரியோவின் முகம் இறுகியது. "என் அப்பா நின்று வாசித்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் நின்றுதான் வாசித்தார்" என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முடியாதவனைப் பார்த்து முடியாது என்று ஊரறியச் சொல்லிவிட்டேனே என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. சங்கரய்யர்தான் சமாதானம் சொன்னார்: "நின்னுண்டு வாசிக்கச் சொன்னா நேக்குக் கை ஓடாது. உக்காந்தா அவருக்கு மானம் போயிடும். ஆளுக்கொரு பயமாக்கும்."

பாய்

எட்டு மாசம் விட்டோரியோ வரவில்லை. அடுத்த வருஷம், இடவப்பாதி என்கிற ஜூன் மழையில், ஒரு மத்தியானம், நனைந்தபடி வந்து நின்றார். சட்டைப்பையில் ஒரு கடிதம். அம்மா இறந்து மூன்று மாசம் ஆகிவிட்டதாம். கடிதம் வந்து சேர்ந்ததே அன்றுதான். "அவளுக்குப் பதில் எழுதாமலே இருந்துவிட்டேன்" என்றார். பிறகு பூட்ஸைக் கழற்றினார். பள்ளிப் பிள்ளைகளிடம் கற்ற மலையாளத்தில், "ஞான் இரிக்காம்", நான் உட்காருகிறேன், என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்தார்.

கால் மடங்கவில்லை, கால்சராய் பிடித்தது. காலுறையில் வயலின் தலை வழுக்கியது. ஞானமுத்து தன் தோள் துண்டை மடித்துக் கணுக்காலில் வைத்தார். மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் விரல் தடம் தவறி நின்றது. கை மட்டும் இறங்கவில்லை. நாலாவது தடவை நிற்கவே இல்லை. நாலு நிமிஷம் தாண்டியபோது ஞானமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி ஸ்வரம் முடிந்த பிறகும் விட்டோரியோ தந்தியிலிருந்து வில்லை எடுக்கவில்லை. நான் அழுதேன், மறைக்கவில்லை.

சாரலுக்குச் சாத்தியிருந்த கதவைத் திறந்தால் வெளியே சங்கரய்யர், குடையிருந்தும் முழுக்க நனைந்து நிற்கிறார். ஏன் உள்ளே வரவில்லை என்றேன். "வந்தா உக்காரச் சொல்லுவேள். இதை உக்காந்துண்டு கேக்கப்படாது."

கடிதம்

அதற்குப் பிறகு பள்ளி மண்டபத்திலும் விட்டோரியோ பாயில் உட்கார்ந்தே வாசித்தார். சில வருஷங்களில் ஊர் திரும்பினார். போகும்போது வேறெதுவும் கேட்கவில்லை. கடையில் கிடந்த அந்தப் பழைய கோரைப்பாயைச் சுருட்டித் தரச் சொன்னார்.

ஐம்பத்தாறில், ஞானமுத்துவின் ஊர் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த சமயத்தில் இத்தாலியிலிருந்து கடிதம் வந்தது. அவர் இளவயதில் நின்று வாசித்த அதே மேடையில் பாயை விரித்து உட்கார்ந்தாராம். மற்றதெல்லாம் நலம் விசாரிப்பு. கடைசியில் இரண்டே வரி: "முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நான் கடைசி வரை வாசித்தேன்."

இத்தனை வருஷம் வயலின்களை ஒட்டியும் இழைத்தும் பிழைத்த என் கடையிலிருந்து கடல் தாண்டிப் போய் மேடையேறிய என் ஒரே சொந்தச் சாமான், நான் உட்கார்ந்து சாப்பிட வைத்திருந்த பாய்தான்.