முன் மெஷினும் நீச்சல் டிராயர்களும்

ஆண்பிள்ளைகளின் முகத்தை மறந்து இடுப்பளவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் தொழில் எங்களுடையது. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரரின் தையல் கடை இருந்தது. காவேரிக்குப் பக்கத்திலேயே இருந்ததால், தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு டிராயர் தைப்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெயர். ஐம்பதுகளின் கடைசியில் கடையில் இரண்டு மெஷின்கள். வாசலைப் பார்த்த முன் மெஷினில் உட்காருகிறவர்தான் வருகிறவர்களிடம் பேசி, என்ன துணி, எப்படித் தையல் என்று முடிவு செய்ய வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பதவி அதுதான். பதினோரு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு என் கொழுந்தனின் மனைவி சரோஜா வந்து பின் மெஷினில் உட்கார்ந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். இங்கிலீஷ் படிப்பாள். உறையூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ஒன்பதரை மணிக்கு வருவாள், வந்து இறங்கும்போதும் புடவை கசங்கியிருக்காது. ஓரகத்தியோடு ஒரே கடையில் வேலை பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. என் இடம் போய்விடுமோ என்ற பயம் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

மல் துணி மாப்பிள்ளை

தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வந்த ஒரு மாப்பிள்ளை, காவேரியில் குளிக்க வெள்ளை மல்லில் டிராயர் வேண்டும் என்று கேட்டார். மெல்லிசாக, உடம்பில் இருப்பதே தெரியக்கூடாதாம். நான் சரி என்றேன். பின்னாலிருந்து சரோஜா, "அக்கா, மல் நனைஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிடுமே" என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வந்தவர் எதிரில் எனக்குப் பாடம் நடத்துகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. வேண்டுமென்றே அந்த மல்லிலேயே தைத்துக் கொடுத்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் அவர் டிராயரை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. "நான் தண்ணியை விட்டு ஏறினேன், என் மாமியார் படித்துறையை விட்டே எழுந்து போயிட்டாங்க" என்றார்.

மேலேயே நின்ற டிராயர்

எலாஸ்டிக் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. சரோஜாவுக்கு அதன் மேல் ஒரே மோகம். ஜீயபுரத்திலிருந்து வந்த ஒரு விவசாயிக்கு அதை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அவர் எங்கே நீந்துவார் என்று கேட்கவில்லை. ஆற்றில் நீந்துகிறவருக்கு எலாஸ்டிக் போதும். இவரோ வாழைத் தோட்டத்துக் கிணற்றில், மேட்டிலிருந்து காலை நீட்டிக் குதிக்கிறவர். அவருக்கு நாடாதான் லாயக்கு, அதுவும் இரண்டு முடிச்சு.

அடுத்த வாரம் வந்தார். "நான் கீழே போயிட்டேம்மா, டிராயர் மேலயே நின்னுடுச்சு" என்று அவர் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். அவளும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விவசாயியும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காதவள் நான் ஒருத்திதான். "நாடா போட்டே தைச்சுடலாம்" என்று நான் டிராயரை எடுக்கக் கை நீட்டினேன். விவசாயி அதை எனக்கு மேலாகப் பின் மெஷினுக்கு நீட்டி, "நாடா போடுங்க, ஆனா அந்தச் சின்னம்மாவே போடட்டும்" என்றார்.

பரிசல்காரர் உட்கார்ந்த விதம்

கொள்ளிடத்தில் பரிசல் தள்ளும் ஒருவர் எங்களிடம்தான் வழக்கமாகத் தைப்பார். நாலு மாதத்தில் பின்பக்கம் கிழிந்துவிடும், திரும்பவும் வருவார். ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது வந்தார். திரும்பி வந்து பார்த்தால், கடை நடுவில் அவர் குந்தியிருக்கிறார், கையில் துடுப்புக்குப் பதில் எங்கள் அளவுகோல். சரோஜா கீழே உட்கார்ந்து, துணி எங்கே இழுக்கிறது, எங்கே தேய்கிறது என்று சாக்பீஸால் கோடு போடுகிறாள். உட்காரும் இடத்தில் இரட்டைத் துணி, தொடைப் பக்கம் ஒரு முக்கோணத் துண்டு. அது ஒரு வருஷம் உழைத்தது. அதை விடுங்கள், அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துச் சொன்னதுதான் இன்னும் குத்துகிறது: "பதினோரு வருஷமா வர்றேன், என்னை உட்காரச் சொன்னது இந்தம்மாதான்."

ஊசி பட்ட துணி

உத்தர வீதியிலிருந்து ஒரு பெரியவர், வேதம் படித்தவர், நாலு முழத் துணி கொண்டுவந்தார். காவேரியில் கோவணமாகக் கட்டிக்கொள்ள, நீளவாக்கில் நாலு துண்டாக வெட்டித் தரச் சொன்னார். அவ்வளவுதான் வேலை. நூல் பிரிந்து வருமே என்று இரக்கப்பட்டு நான் நாலுக்கும் ஓரம் மடித்து அழகாகத் தைத்து வைத்தேன். சரோஜாவை விட ஒரு படி கூடுதலாகச் செய்துவிட்டேன் என்ற நினைப்பு வேறு. அவர் துணியைத் தொடாமலே பார்த்தார். "ஊசி பட்டுடுத்தே. இனிமே இது ஆத்துல ஜன்னல் தூசி தட்டத்தான் ஆகும், தீர்த்தமாடறதுக்கு ஆகாது" என்றார். போகும்போது திரும்பி ஒன்று சொன்னார்: "வேற துணி அனுப்பறேன், அந்தப் பொண்ணாண்ட குடுங்கோ, அவ நாம சொன்னதை மட்டும் செய்வா."

கிளப் ஆர்டர்

திருச்சி கண்டோன்மெண்ட் பக்கம் நீச்சல் குளம் வைத்திருந்த ஒரு கிளப்பின் மேனேஜர் வந்தார். ஆறு பையன்கள் மெட்ராஸுக்குப் போட்டிக்குப் போகிறார்களாம். லங்கோடு கூடாது, தொளதொளவென்று இருக்கக் கூடாது, கருநீல டிரில் துணியில் பக்கவாட்டில் முடிச்சு வைத்து, உடம்போடு ஒட்டினாற்போல் வேண்டும் என்று ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் படம் காட்டினார். படத்துக்குக் கீழே இருந்ததைச் சரோஜா கடகடவென்று படித்தாள். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பாமலே, "இந்த ஆர்டர் முடியற வரைக்கும் சரோஜா முன்னால உட்காரட்டும்" என்றார்.

பின் மெஷினுக்குப் போனேன். தண்ணீரில் போடும் பருத்தித் துணியை முதலில் ஊறவைத்து, காயவைத்துச் சுருங்கவிட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். எங்கள் கடையில் அது முன் மெஷினில் உட்காருகிறவர் பொறுப்பு, இத்தனை வருஷமும் நான்தான் செய்தேன். சரோஜாவின் பஸ் வருவதற்குள் துணியை நனைத்து, காயவைத்து, தேய்த்து, மடித்து வைத்துவிடுவேன். அதனால் அப்படி ஒரு வேலை இருப்பதே அவளுக்குத் தெரியாது. இந்த முறை நான் நனைக்கவில்லை. அவள் கத்தரியைத் துணியில் வைத்ததைப் பார்த்தேன். பேசாமல் ஒரு சட்டையின் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

டிராயர்களைக் கொடுத்த மறுநாளே மேனேஜர் ஒரு பையோடு வந்துவிட்டார். பையன்கள் குளத்தில் இறங்கி ஏறி வெயிலில் நின்றிருக்கிறார்கள். ஆறு டிராயரும் உடம்பிலேயே சுருங்கிவிட்டன. ஒன்றைக் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தார்களாம். என் வீட்டுக்காரர் முதல் தடவையாகச் சரோஜாவிடம் குரலை உயர்த்தினார். "துணியை நனைக்காம யாராவது வெட்டுவாங்களா? உங்க அக்கா ஒரு நாளாவது நனைக்காம விட்டிருக்காளா?"

சரோஜா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஊசியில் நூல் கோத்தேன். பிறகு அவள் அவரிடம், "தப்புதான் மாமா, திரும்பத் தைச்சுக் கொடுத்துடறேன்" என்றாள். முன் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். அவர் மேனேஜரை வழியனுப்ப வாசலுக்குப் போனதும், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே வந்துடறேன், நனைக்கும்போது என்னையும் கூப்பிடுங்க அக்கா."

அன்றிலிருந்து முன் மெஷின் என்னுடையதுதான், ஆனால் வாசலைப் பார்த்து உட்கார வேண்டிய நான், முதுகுக்குப் பின்னால் ஓடும் மெஷினின் சத்தத்தைத்தான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.