அத்தையும் அந்தமானும்

எங்கள் அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, ஆனால் புருஷன் என்று ஒருவர் வீட்டில் இல்லை. செத்துப்போனார் என்றும் யாரும் சொல்லவில்லை. அவர் அந்தமானில் இருந்தார். மூன்றாம் வகுப்பில் டீச்சர் மாட்டிய இந்தியப் படத்தில், கடலுக்கு நடுவே ஈ எச்சம் போட்டதுபோல் நாலைந்து புள்ளிகள் இருக்குமே, அதுதான் அந்தமான் என்று தெரிந்த அன்று எனக்குப் பெரிய ஏமாற்றம். அதில் ஒரு மனுஷர் நிற்கக்கூட இடம் போதாதே என்று கவலைப்பட்டேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா பள்ளிப் படிப்பு முடித்தவர். படித்த கையால் தறி ஓட்டமாட்டேன் என்று கப்பலேறிப் போய், போர்ட் பிளேரில் மரம் அறுக்கும் மில்லில் குமாஸ்தாவாகச் சேர்ந்தாராம். வீடு பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனவர். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் தீவை விட்டுவிட்டுக் கிளம்பினான், ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்தான், யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், அப்புறம் அவனும் மூட்டை கட்டினான். யார் யாரோ வந்து போனார்கள், மாமா மட்டும் வரவில்லை. அத்தை இருபது வருஷத்துக்கு மேல் பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பொட்டை அழி என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. வைத்துக்கொள் என்றும் சொன்னதில்லை. நல்ல நாளில் குங்குமத் தட்டு எல்லோரிடமும் நீட்டப்படும்; அத்தையிடம் வரும்போது மட்டும் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டுமானால் அவளே எடுத்துக்கொள்ளட்டும், நமக்கெதற்குப் பொல்லாப்பு என்ற சாமர்த்தியம். அதனாலேயோ என்னவோ, வீட்டில் விசேஷம் என்றால் அத்தைக்குப் புழக்கடையில் வேலை வந்துவிடும். அத்தனை பேர் இருந்த வீட்டில் அவளோடு பேச ஆளில்லை. தறிக்கு நூல் தார் சுத்தியாச்சா, அடுப்பை அணைச்சியா என்று கேட்பதெல்லாம் ஒரு பேச்சா? ராத்திரி நான்தான் அவள் பக்கத்தில் படுப்பேன். நானும் படுத்தவுடன் தூங்கிவிடுகிற ஜாதி.

என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இந்த விவகாரம் நடுக்கூடத்துக்கு வந்தது. காஞ்சிபுரத்தில் ஊருக்கெல்லாம் கூறைப்புடவை நெய்கிறோம், வீட்டுப் பெண்ணுக்கு நெய்யமாட்டோமா? அப்பாவே தறியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குக் கூறைப்புடவை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுக்கும்போது, அந்த வீட்டில் பிறந்த பெண்களில் மூத்த சுமங்கலி முந்தானையில் குங்குமம் வைக்க வேண்டும். பிறகுதான் அறுப்பார்கள். அத்தையை விட்டால் அந்த வீட்டில் பிறந்து மூத்தவள் வேறு யாரும் இல்லை.

சம்பந்தி வீட்டுக்காரர்கள் அப்பாவிடம் நாசூக்காகக் கேட்டார்கள். உங்க அக்கா நிலைமை என்ன, தெரிந்துகொண்டால் நல்லதில்லையா என்றார்கள். காணாமல் போனவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து, கொளுத்தி, காரியம் பண்ணிவிடலாம் என்று சித்தப்பாவும் சொன்னார். பண்ணினால் அத்தையின் தாலியைக் கழற்றிவிடுவார்கள். அந்தச் சமயத்தில்தான், மாமாவோடு அதே மில்லில் வேலை பார்த்த ஒருவர் ஊர் திரும்பி, வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று தெரியவந்தது. அப்பா சட்டையை மாட்டினார். அத்தை குறுக்கே வந்து, என் புருஷன் சமாச்சாரத்தை நானே கேட்டுக்கொள்கிறேன் என்றுவிட்டாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பொம்பளை தனியாகப் போகக்கூடாதே என்று என்னைத் துணைக்கு ஒட்டவைத்து பஸ் ஏற்றினார்கள். துணைக்கு எட்டு வயசு!

போகும்போது அத்தை தலையில் பூ வைத்திருந்தாள். வாலாஜாபாத் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பட்டாணி கேட்டதற்கு மறுபேச்சு இல்லாமல் வாங்கித் தந்தாள்.

அந்தப் பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அத்தை யாரென்று தெரிந்ததும் மகளைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார். யுத்தம் முடிகிற சமயத்தில் தீவில் சோற்றுக்கே வழியில்லாமல் போய்விட்டதாம். வேறொரு தீவில் பயிர் வைக்கப் போகிறோம் என்று ஜப்பான்காரன் ஆட்களைப் பிடித்துப் படகில் ஏற்றினானாம். இவருக்குக் காய்ச்சல் என்று தள்ளிவிட்டு, மாமாவை ஏற்றிக்கொண்டார்களாம். அந்தத் தீவின் கரைக்கு எட்டத்திலேயே படகை நிறுத்தி, கடலில் இறங்கி நீந்திப் போகச் சொன்னார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டாராம். அதற்குமேல் சொல்லவா வேண்டாமா என்று அவர் தயங்கினார். நான் பட்டாணி தின்ற கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவருக்கு ஒண்ணு ஆனத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்லம்மா. படகுல ஏறினதுதான் பாத்தேன்."

அத்தை எழுந்துவிட்டாள். அவர் மகள் காப்பி கொண்டுவந்தாள், அதைக்கூடக் குடிக்கவில்லை. பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், வலிக்கிறது என்று சொன்ன பிறகும் விடவில்லை.

வீட்டில் எல்லோரும் கூடத்தில் காத்திருந்தார்கள். அவர் ஒன்றும் பார்க்கவில்லையாம் என்று சொல்லிவிட்டு அத்தை கால் கழுவப் போய்விட்டாள். உடனே எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பெரியவர்கள் நான் பேசுவதைக் கேட்கக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை, விடுவேனா? படகு, வேறு தீவு, பயிர், நடுக்கடலில் இறங்கி நீந்தச் சொன்னது, ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

புழக்கடை வாசற்படியில் ஈரக்காலோடு அத்தை நின்றிருந்தாள். "அவருக்கு நீச்சல் தெரியும்பா" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். கெஞ்சுகிற குரல்.

அப்பா எழுந்து அவள் பக்கத்தில் போனார். பிறகு, ஆமாம், மாமாவுக்கு நல்லாவே நீச்சல் தெரியும் என்றார். காரியம் கீரியம் என்று இனி எவனும் இந்த வீட்டில் பேசக்கூடாது என்றார். சம்பந்தி வீட்டுக்கும், மாமா அந்தமானில் இருக்கிறார், தகவல் வந்துவிட்டது என்று தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தகவல் கொண்டுவந்ததே நான்தானே!

புடவை அறுக்கிற அன்று அத்தை வழக்கம்போலப் புழக்கடையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவே குங்குமத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போனார். "அக்கா, எழுந்து வா. நீதான் வைக்கணும்" என்றார். அத்தை கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தறியில் அரக்குச் சிவப்பு முந்தானை ஜரிகையோடு விரிந்து கிடந்தது. அக்கா பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். அப்பா தட்டை நீட்டினார். அத்தை வாங்கிக்கொண்டாள், விரலில் குங்குமத்தைத் தொட்டும்விட்டாள். சின்ன வயசில் அவள் தூக்கி வளர்த்த பெண் என் அக்கா. அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அந்த விரலைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, தட்டை அம்மாவின் கையில் வைத்தாள்.

"நீ வைம்மா. கொழந்த நல்லா இருக்கணும்."

அம்மா அந்த வீட்டில் பிறந்தவள் இல்லை, ஆனாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். அம்மா அழுதுகொண்டே வைத்தாள். அத்தை மறுபடி புழக்கடைக்குப் போய்ப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்காகத்தானே அப்பா எல்லோர் வாயையும் அடைத்தார், தானே இறங்கி வந்து கூப்பிட்டார், இவள் என்ன இப்படி முறுக்கிக்கொள்கிறாள் என்று அன்று ராத்திரி அவள் பக்கத்தில் படுக்கப் போகவில்லை. மாமாதான் நீந்திக் கரையேறி அந்தத் தீவில் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறாரே, அப்புறம் இவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.