கொசு ஃபேக்டரியில் பாதி ரிஜெக்ஷன்

1. ஸ்கிராப் எவ்வளவு?

புதிய பிளான்ட் ஹெட் சேர்ந்த அன்று மீட்டிங்கில் கேட்ட முதல் கேள்வி, "ஸ்கிராப் எவ்ளோ?" நான் உள்ளதைச் சொன்னேன். "பாதி சார்." மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

வரதராஜன் சார் ஒரகடத்தில் சீட் பெல்ட் கம்பெனி ஒன்றில் பல வருடம் குவாலிட்டி பார்த்தவர். வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனி தயாரிப்பதோ கொசு. சிரிக்காதீர்கள், கொசுதான். டெங்கு பரப்பும் கொசுவின் மரபணுவில் ஒரு மாற்றம் செய்து, ஆண்களை மட்டும் வெளியே விடும் வேலை. ஆண் கொசு கடிக்காது. அது போய்ச் சேரும் பெண் இடுகிற முட்டைகளில் பெண் குஞ்சுகள் மட்டும் வளராமல் செத்துவிடும். கடிப்பது பெண்தான் என்பதால் போகப்போகக் கடி குறையும், காய்ச்சலும் குறையும். எங்கள் தொட்டித் தண்ணீரில் மட்டும் ஒரு மருந்து கலந்து பெண்களையும் பிழைக்க வைப்போம். இல்லாவிட்டால் அடுத்த பேட்ச்சுக்கு முட்டை ஏது?

ஆகவே, கூட்டுப்புழுவாக இருக்கும்போதே பெண்ணைப் பிரித்துவிட வேண்டும். பெண் பருமன், ஆண் சிறிசு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் தண்ணீரோடு ஊற்றினால் ஆண் கீழே இறங்கும், பெண் மேலேயே மாட்டிக்கொள்ளும். சந்தின் அளவை ஸ்க்ரூ திருகி மாற்றலாம். மாட்டியதில் முட்டைக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை ஃப்ரீசரில் போட்டுவிடுவோம். அதைத்தான் சார் ஸ்கிராப் என்றார்.

"நான் இருந்த எடத்துல ரெண்டு பீஸ் போனாலே சட்டையப் புடிப்பாங்க. இங்க பாதியா?" என்று கத்திவிட்டு, வெள்ளைப் பலகையில் 'ஐந்து ஏன்' என்று எழுதினார். எந்தக் கோளாறுக்கும் ஐந்து முறை 'ஏன்' கேட்டால் காரணம் அகப்பட்டுவிடும் என்பது இந்தப் பக்கத்து ஃபேக்டரிகளின் வேதம்.

"ஏன் பாதி ரிஜெக்ட் ஆவுது?"

"பாதி பொண்ணாப் பொறக்குது சார்."

"ஏன் பொண்ணாப் பொறக்குது?"

"நமக்கும் அப்படித்தான சார் பொறக்குது?"

"அதான் ஏன்னு கேக்கறேன்!"

அதற்கு மேல் கேட்பதென்றால் ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போய்ப் பெருமாளைத்தான் கேட்க வேண்டும். பலகையின் அடியில், 'ரிஜெக்ஷனைப் பாதியாகக் குறைப்போம்' என்று எழுதி முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் விலங்கியல் படித்துத் தொலைத்ததால் சும்மா இருந்தேன்.

2. கஸ்தூரி அக்கா

எங்கள் காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஓர் ஊர் இருக்கிறது. கஸ்தூரி அக்கா அந்த ஊரின் வார்டு மெம்பர். போன மழைக்காலத்தில் அவர் மகள் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து வந்தது பெரும்பாடு.

கொசுவை விட்டுச் சோதிக்க ஊரோரம் ஒரு வலைக்கூடம் கட்டினோம். இப்போதைக்கு அதற்குள் மட்டும்தான் விட அனுமதி, சரியாக நடந்தால் பிறகு ஊருக்குள் விடலாம். அதற்கே ஊர் கொதித்தது. கஸ்தூரி அக்கா என்னைத் தேடி வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"மேடம், கத வேணாம். கடிக்குமா, கடிக்காதா?"

"ஆம்பள கொசு கடிக்காதுக்கா. அத மட்டுந்தான் வுடுவோம்."

"அப்ப ஊர நான் பாத்துக்கறேன்."

வீடு வீடாகப் போய்ப் பேசி ஊரைச் சம்மதிக்க வைத்தார். ஒரு கடி விழுந்தாலும் அவருக்கு ஊரில் பேச வாயிருக்காது. சோதனையும் நின்றுபோகும், அடுத்த மழைக்கு யார் வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகுமோ தெரியாது. அதை நினைத்தால் எனக்கு உள்ளூர பயம்தான்.

3. கேக்

என் கூடப்பிறந்த அக்கா மகளின் காதுகுத்துக்காக மணிமங்கலம் போய்விட்டு நாலைந்து நாள் கழித்துத் திரும்பினேன். ஃபேக்டரியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ரிஜெக்ஷன் சரசரவென்று இறங்கிவிட்டதாம். சார் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வேறு. பிரிக்கும் மேசையில் இருந்த ஜெனிஃபரிடம், "எப்படிம்மா?" என்றேன்.

"சார் ஸ்க்ரூவ லூஸ் பண்ணச் சொன்னாரு மேடம். இப்ப மாட்டறதே இல்ல, எல்லாம் ஸ்மூத்தா எறங்குது."

அடிப்பாவி! பெண் கொசு அத்தனையும் ஆண் கணக்கில் இறங்கியிருக்கிறது. சாரிடம் ஓடினேன்.

"சார், பொம்பள கொசு கலந்துடுச்சு. இன்னிக்கு ஊர்க்காரங்கள கூண்டுல கைய வுட்டுப் பாக்க வரச் சொல்லியிருக்கோம்."

"எப்பப் பாத்தாலும் நெகட்டிவ். டேட்டாவப் பாருங்க மேடம்."

ஊர்க்காரர்கள் அதற்குள் வந்துவிட்டார்கள். முன் வரிசையில் கஸ்தூரி அக்கா. மேசையில் கூண்டு. குனிந்து பார்த்தேன். ஆணுக்கு உணர்கொம்பு இறகு மாதிரி அடர்த்தியாக இருக்கும். உள்ளே மொட்டைக் கொம்போடு தாராளமாக உட்கார்ந்திருந்தார்கள் அம்மணிகள்.

"வாங்கம்மா, தைரியமா கைய வுடுங்க. கடிக்கவே கடிக்காது" என்று சார் கஸ்தூரி அக்காவை அழைத்தார். அவரும் வளையலை மேலே தள்ளிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே புகுந்தேன்.

"சார், மொதல் கை உங்களுதா இருந்தாத்தான் கம்பெனிக்கு மரியாத. ஃபோட்டோவுக்கும் நல்லா இருக்கும்" என்றேன்.

ஃபோட்டோ என்றதும் சட்டைக் கையை மடித்துவிட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. பிறகு "அய்யோ" என்று இழுத்துக்கொண்டார். கை முழுக்கத் தடிப்பு.

"இன்னா சார், ஆம்பள கொசு உங்கள மட்டும் இந்தக் கடி கடிச்சிகினு கீது?" என்றார் கஸ்தூரி அக்கா. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னத நம்பித்தான வூடு வூடாப் போனேன்?"

"ஆம்பள கடிக்கலக்கா. பொம்பளையப் பிரிக்காம வுட்டுட்டாங்க. இங்கயே பொறந்த கொசு, நோய் கெடையாது. ஆனாலும் குடுத்த வாக்கு தப்பிடுச்சு."

"மூடுங்கடா கம்பெனிய!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கஸ்தூரி அக்கா கையை உயர்த்தினார்.

"மூடிட்டா? மழ வந்தா எம்பொண்ண மறுபடியும் தூக்கிகினு ஓடணுமா? நடக்கட்டும். ஆனா ஒவ்வொரு தபா வுடறதுக்கு முன்னாடியும் இந்த சாரு, எங்கண்ணு முன்னாடி, கைய உள்ள வுடணும். கடிக்கலன்னா வுட்டுக்கோங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன்.

அன்றே ஸ்க்ரூ இறுகியது. இப்போதெல்லாம் ஷிப்ட் தொடங்கியதும் சாரே பிரிக்கும் மேசைக்கு வந்து நிற்கிறார். "ஜெனிஃபர், கொஞ்சம் குண்டா தெரிஞ்சாலும் தூக்கிப் போட்டுரும்மா. ரிஜெக்ட் பண்ண யோசிக்கவே யோசிக்காத" என்று கெஞ்சுகிறார். அதற்குப் பிறகு யாரையும் எங்கள் கொசு கடித்ததில்லை.

இந்தப் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். டார்கெட் போடுகிறவரோடு வாதாடி மூச்சை வீணாக்காதீர்கள். அவர் கையைக் கூண்டுக்குள் விட ஒரு வழி பாருங்கள்.